நாலாவது ஆள்

கண்டி மஹய்யாவையில் மழை இறங்கிவிட்டால் தியாகராஜா வீட்டில் சிக்னல் ஒரே இடத்தில்தான் கிடைக்கும். அது குசினிக்கும் பின்வாசலுக்கும் நடுவில், அரிசி வாளிக்குப் பக்கத்தில். அங்கே பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு, அந்த வீட்டு மகள் லோஜினி சாயந்தரமானால் போருக்குப் போவாள். அம்மா அன்னலட்சுமி அரிசி அள்ள வர வேண்டுமானால் மகளின் முழங்காலைத் தாண்டித்தான் வர வேண்டும். தாண்டும்போதெல்லாம் ஏச்சு விழும்.

"கல்யாணம் பேசி வச்ச புள்ள மாதிரியா இருக்கா? சாயங்காலமானா துப்பாக்கியும் கையுமா!"

"அம்மா, கொஞ்சம் சும்மா இருங்க. யுகேஷ், எடது பக்கம்! எடது பக்கம்டா!"

போன் விளையாட்டுதான். நாலு பேர் ஒரு குழுவாக ஒரு தீவில் இறங்க வேண்டும். துப்பாக்கி பொறுக்கி, எதிரே வருகிற குழுக்களைச் சுட்டு, கடைசிவரை உயிரோடு நிற்கிற குழுவுக்கு வெற்றி. லோஜினி தன் குழுவுக்குத் தலைவி. எங்கே இறங்குவது, எப்போது ஓடுவது, யார் முன்னே, யார் பின்னே, எல்லாம் அவள் சொல்வதுதான்.

அவளுக்கு இது ஏன் இவ்வளவு பெரிதென்று கேட்டால் காரணம் இருக்கிறது. காலையிலிருந்து மாலைவரை கண்டி டவுனில் ஒரு சேலைக் கடையில் நிற்கிறாள். எடுத்துக் காட்டு என்றால் எடுத்துக் காட்ட வேண்டும், மடித்து வை என்றால் மடித்து வைக்க வேண்டும். முப்பது சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு "பிறகு வாறோம்" என்று போகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டும். வீட்டுக்கு வந்தால் டிவி ரிமோட் அப்பா கையில், மற்றதெல்லாம் அம்மா கையில். அவள் சொன்னால் மூன்று பேர் ஓடுகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான். அதை லேசில் விட்டுக்கொடுப்பாளா?

அந்த மூன்று பேரில் யுகேஷ் அதே மஹய்யாவைப் பையன், போன் திருத்துகிற கடையில் வேலை. ஜஹானா திகன டவுனில் இருக்கிற துணிக்கடைக்காரர் மகள். லோஜினி அவளை நேரில் பார்த்ததே கிடையாது, குரல்தான் பழக்கம். மூன்றாவது ஆள் நிரோஷன். அவன் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். குழுவில் ஓர் இடம் காலி.

அந்த இடத்துக்குத்தான் பிரதீஸ் வந்தான்.

பிரதீஸ் வேறு யாருமில்லை, லோஜினிக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை. குண்டசாலையில் ஒரு ஹாட்வெயார் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிறவன். அவன் அம்மா பாலம்மா வீட்டிலேயே இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். ஆவணியில் தட்டு மாற்றியாயிற்று, தையில் கல்யாணம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் போனில் பேசினார்கள். என்ன பேச்சு? "சாப்ட்டீங்களா?" "சாப்ட்டேன், நீங்க?" "அங்க மழையா?" "மழதாங்க." அதற்கு மேல் வண்டி நகரவே இல்லை. ஒருநாள் விளையாட்டுப் பேச்சு வந்ததும் அவன் தயங்கித் தயங்கி, "நானும் வரட்டுங்களா?" என்று கேட்டான். லோஜினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மழையைப் பற்றிப் பேசாமல் வேறு எதையாவது பேசலாமே!

ஆனால் பிரதீஸுக்கு விளையாட வரவில்லை என்றால் கொஞ்சநஞ்சமாக வரவில்லை. முதல் நாள் விமானத்திலிருந்து குதித்து நேராகக் கடலில் விழுந்தான். அடுத்த முறை ஒரு வீட்டுக்குள் போய்க் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றான். சத்தம் கேட்டு வந்தவர்கள் அவனைச் சுட்டுவிட்டுப் போனார்கள். சூடுபட்டு விழுகிறபோதெல்லாம் ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்து, "சரிங்க, சரிங்க" என்பான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. யுகேஷைச் சுட வந்தால் "படுடா" என்றால் போதும். மாப்பிள்ளைக்கு அப்படிச் சொல்ல வாய் வருமா? "என்னங்க, கொஞ்சம் குனிஞ்சுக்கிறீங்களா, பின்னால ஆளு வர்றாங்க" என்று லோஜினி சொல்லி முடிப்பதற்குள் அவன் விழுந்து கிடப்பான்.

யுகேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். "நீ மாப்பிள்ளைக்கு மரியாத குடுத்து முடியிறதுக்குள்ள அவருக்குக் கருமாதியே முடிஞ்சிருது."

ஜஹானா மட்டும் சிரிக்கவில்லை. "லோஜினி, அவருக்குத் தனியா ஒரு ரெண்டு நாள் காட்டிக் குடுங்க. புதுசுக்கு உடனே ஏலுமா? நான் வந்த நேரம் நானும் கடல்லதானே உழுந்த. நீங்க ஏசின ஏச்சுக்கு ரெண்டு நாள் வரவே இல்ல, நெனவு ஈக்கா?"

"ஏசினதுனாலதான் இப்ப நல்லா ஆடுறீங்க."

"ஏசினதுனால இல்ல, திரும்பி வந்ததுனால" என்றாள் ஜஹானா. லோஜினி அதைக் காதில் வாங்கவில்லை.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. விளையாட்டில் அந்தப் பருவத்துக்குக் கடைசி நாள். இன்னும் ஒரு வெற்றி கிடைத்தால் குழு மேல் வரிசைக்குப் போகும். மாதக்கணக்காக லோஜினி அதற்குத்தான் பாடுபட்டிருந்தாள். கடைசியில் அவர்களும் இன்னொரு குழுவும் மட்டும் மிஞ்சினார்கள். இவர்கள் நாலு பேரும் ஒரு மாடி வீட்டில் மூச்சுக் காட்டாமல் பதுங்கியிருந்தார்கள். எதிரிகள் கீழே தேடிக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் முடிந்தது.

அப்போது பிரதீஸ் எழுந்து போய் ஜன்னலில் நின்றான்.

லோஜினிக்கு மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "டேய்! எருமமாடு! ஜன்னல விட்டு வாடா! கண்ணு பொட்டையா ஒனக்கு?"

அவன் பதறிப்போய் எதையோ அழுத்தினான். துப்பாக்கி வெடித்தது. அந்தச் சத்தத்தை வைத்து எதிரிகள் மேலே ஏறிவந்து நாலு பேரையும் முடித்தார்கள். அவ்வளவுதான், பருவமும் முடிந்தது.

"ஒன்னுக்கும் ஆகாத ஆளு! இவன வச்சிக்கிட்டு நம்ம உருப்பட மாட்டோம். யுகேஷ், வேற ஆளு பாரு" என்று சொல்லிவிட்டு, அவன் பெயரைத் தொட்டு, குழுவிலிருந்து வெளியே போட்டாள். தலைவிக்கு அந்த உரிமை உண்டு. ஒரு விரல் வேலை.

கோபம் இறங்க ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் போதுமாக இருந்தது. இறங்கியதும் அவனுக்குப் போன் எடுத்தாள். அவன் எடுக்கவில்லை.

ஆனால் அன்னலட்சுமியின் போன் அடித்தது. குண்டசாலையிலிருந்து பிரதீஸின் பெரியம்மா. அன்றைக்கு அவன் இயர்ஃபோன் மழையில் நனைந்து கெட்டுப்போயிருக்கிறது. அதனால் போனை வீட்டு ஸ்பீக்கர் பொக்ஸில் போட்டு விளையாடியிருக்கிறான். தீபாவளிக்கு முறுக்குச் சுற்றுவதற்காகப் பாலம்மாவும் பெரியம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் அதே ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். எருமைமாடு வீடு முழுக்க ஒலித்திருக்கிறது.

"ஒங்க மக எங்க புள்ளைய டா போட்டுக் கூப்புடுது. மாடுங்குது. கண்ணு பொட்டையாங்குது. இன்னும் தாலி ஏறல, அதுக்குள்ள இப்புடி. ஏறுனா எங்க எல்லாரையும் எங்க கட்டுவா, மாட்டுக் கொட்டில்லயா?"

அன்னலட்சுமி போனைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, அது வெளையாட்டுங்க. வெளையாட்டுல புள்ளைங்க..."

"வெளையாட்டாத்தான் எல்லாம் வெளிய வருது. பாலம்மா அதுக்கப்பறம் முறுக்கே சுத்தல. யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லச் சொன்னா."

'யோசிச்சுச் சொல்றோம்' என்றால் என்ன என்று கல்யாணம் பேசுகிற சனத்துக்கு விளக்க வேண்டியதில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. தியாகராஜா முனிசிபல் வேலை முடிந்து வந்தால் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்தார். மகளைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அவர் பங்கையும் சேர்த்து அன்னலட்சுமி திட்டினார்.

"ஹோல் புக் பண்ணியாச்சு. சொந்தத்துல பாதிப் பேருக்குச் சொல்லியாச்சு. டா போட்டதுனால கல்யாணம் நின்னுச்சின்னு நாளைக்கு நா யாரு மூஞ்சில முழிப்பேன்?"

"வேணும்னு சொல்லலம்மா. அந்த நேரத்துல வாய்ல வந்துருச்சு."

"வாய்ல வரும். அந்தப் பையன் எவ்வளவு தன்மையான பையன்! ஒனக்கு அவன் கெடைச்சதே பெருசு."

அது லோஜினிக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கடையில் நின்றாலும் நிற்க முடியவில்லை, பஸ்ஸில் உட்கார்ந்தாலும் உட்கார முடியவில்லை. பச்சைச் சேலை கேட்டவர்களுக்கு நீலத்தை எடுத்துக் காட்டினாள். அவன் போனை எடுக்கவே இல்லை. "சாரிங்க, டா சொன்னது தப்புத்தான்" என்று செய்தி அனுப்பினாள். பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. மழையைப் பற்றியாவது பேசமாட்டானா என்று ஏங்கினாள். அவனை இவ்வளவு பிடித்திருக்கிறது என்பது அவளுக்கே அந்த வாரம்தான் தெரிந்தது.

கடைசியில் அவளேதான் சொன்னாள்: "அம்மா, நேர்ல போவோம். நா மன்னிப்புக் கேக்குறேன்."

பொண்ணு வீட்டுக்காரர்கள், அதுவும் பொண்ணையே கூட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறுவது வழக்கமில்லை. அன்னலட்சுமி கொஞ்சம் யோசித்தார். வழக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கல்யாணம் கையை விட்டுப் போய்விடும். ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பெட்டி கேக்கும் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் குண்டசாலை வழியாகப் போகிற திகன பஸ்ஸில் ஏறினார்கள். தென்னக்கும்புர பாலத்தில் வாகன நெரிசல். கீழே மகாவலி செம்மண் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. லோஜினி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

பாலம்மா வீட்டுப் பின்கட்டில் பெரிய தகரக் கூரை இறக்கியிருந்தார்கள். அங்கேதான் இடியப்ப வேலை. அவியும் மாவின் வாசனையும் ஆவியுமாக முகமெல்லாம் நனைந்தது. பாலம்மா இடியப்ப உரலைப் பிழிந்துகொண்டிருந்தார். பெரியம்மா அவிந்த தட்டுகளை எடுத்துக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்தார். மூத்த மருமகள் சிந்துஜா குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் புருஷனுக்குக் கொழும்பில் வேலை.

"வாங்க, உக்காருங்க" என்றார் பாலம்மா. லோஜினியையும் 'வாங்க' என்றுதான் சொன்னார். தட்டு மாற்றிய அன்றைக்கு 'வா கண்ணு' என்றவர். "சாயங்கால ஓடர் இருக்கு. வேலைய விட்டுட்டுக் கதைக்க ஏலாது, கோவிச்சுக்காதீங்க."

"இல்லைங்க, நீங்க செய்ங்க" என்றார் அன்னலட்சுமி.

சிந்துஜா இஞ்சி போட்ட பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். லோஜினி எழுந்து நின்றாள். பஸ்ஸில் பாடம் பண்ணியதெல்லாம் மறந்துபோயிற்று.

"மாமி, நா அப்புடிப் பேசியிருக்கக் கூடாது. தெரியாமப் பேசிட்டேன்."

"தெரியாமயா?" என்றார் பெரியம்மா. "தெரிஞ்சு பேசுனா என்னென்ன வருமோ!"

பாலம்மா உரலில் மிச்சமிருந்ததைப் பிழிந்து முடித்தார். பிசைந்து வைத்த மாவு தீர்ந்துபோயிருந்தது. சிந்துஜா கையைத் துடைத்துக்கொண்டு வந்து மாவுப் பாத்திரத்தைத் தொட்டாள்.

"நீ விடு" என்றார் பாலம்மா. சத்தமாகக்கூட இல்லை. "நீ தட்டக் கழுவு."

பெரியம்மா சிரித்துக்கொண்டே அன்னலட்சுமியின் பக்கம் திரும்பினார். "இவ கல்யாணமாகி வந்த வாரம் மாவுல சுடுதண்ணிய அள்ளி ஊத்திட்டா. கஞ்சி மாதிரி ஆயிருச்சு. அன்னைக்கி ஓடரே போச்சு. அன்னையிலருந்து இவ மாவுல கைய வைக்க நாங்க விடுறதில்ல. மூணு வருசமாச்சு, ஏண்டி?"

"ஆமாங்க பெரியம்மா" என்று சிந்துஜாவும் சிரித்தாள். சின்னச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே குழாயடிக்குத் திரும்பினாள்.

லோஜினிக்குச் சுருக்கென்றது. அந்தச் சிரிப்பை அவள் கேட்டிருக்கிறாள். விழுந்து கிடந்துகொண்டு "சரிங்க, சரிங்க" என்கிற சிரிப்பு அது.

அந்த நேரம் பிரதீஸ் வந்தான். கடையிலிருந்து நேராக வந்திருக்கிறான், சட்டையில் சீமெந்துத் தூசி. இவர்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மன்னிப்புக் கேக்க வந்துருக்காங்க" என்றார் பெரியம்மா. "டா போட்டதுக்கு."

"அதுக்கு எதுக்கு?" என்றான் அவன். "டா போட்டா போட்டுட்டுப் போறாங்க. எனக்கு அதுல கோவமே இல்ல."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பாலம்மாவும் உரலைக் கீழே வைத்தார்.

"அப்ப ஏன் போனை எடுக்கல?" என்று லோஜினி கேட்டாள்.

அவன் அவளைப் பார்த்துப் பேசவில்லை. சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டே பேசினான்.

"எனக்கு வெளையாட வராதுங்க. தெரியும். ஒங்ககூட கதைக்கத்தான் வந்தேன். ஏசுங்க, பரவால்ல, கத்துக்குவேன். நீங்க வெளிய போட்டீங்க. ஒரு தரம் சுட்டுட்டேன்னு வெளிய போட்டுட்டு, வேற ஆளு பாருன்னு சொன்னீங்க."

"கோவத்துல..."

"இருங்க, சொல்லிர்றேன்." "இங்க அண்ணிய பாக்குறீங்கதானே? ஒரு நாளு தண்ணி கூடிருச்சு. அதோட சரி. நீங்களும் தையில இந்த வீட்டுக்கு வருவீங்க. ஒங்களுக்கும் ஒரு நாளு தண்ணி கூடும். அன்னைக்கி அம்மாகிட்ட ஒங்களுக்காக நா கதைக்கணும்னு நெனச்சிருந்தேன். நீங்களும் அம்மா மாதிரிதான்னா, நா என்னான்னு கதைக்கிறது?"

பெரியம்மா வாயைத் திறந்து, பாலம்மாவின் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார். அன்னலட்சுமி மகளின் கையைப் பிடித்தார். போதும், போவோம் என்கிற பிடி அது.

லோஜினி கையை விடுவித்துக்கொண்டாள். மன்னிப்பு என்று வாயால் சொல்லி இதைச் சரிப்படுத்த முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நேராகக் குழாயடிக்குப் போனாள்.

"அக்கா, வாங்க. நீங்க பெசைங்க. தண்ணி நா ஊத்துறேன்."

சிந்துஜா மிரண்டுபோய் மாமியாரைப் பார்த்தாள்.

"வாங்கக்கா" என்று லோஜினி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். இன்னும் அந்த வீட்டு மருமகளாகாத பெண் அந்த வீட்டு மாவுப் பாத்திரத்தை நடுவில் இழுத்துப் போட்டதைப் பார்த்து அன்னலட்சுமி, கல்யாணம் இன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டார்.

சிந்துஜா அகப்பைக் காம்பைப் பிடித்தாள். லோஜினி கொதிநீரை மொண்டு ஊற்றினாள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்கிற பதற்றத்தில் லோஜினி இன்னொரு முறையும் மொண்டு ஊற்றிவிட்டாள். மாவு சளசளவென்று இளகி, அகப்பையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

தண்ணி கூடிவிட்டது.

சிந்துஜா காம்பை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். "நா இல்ல மாமி" என்று சொல்ல வந்து, லோஜினியைப் பார்த்துவிட்டு, அதையும் சொல்லாமல் நின்றாள்.

"நாந்தான் மாமி ஊத்துனேன்" என்றாள் லோஜினி. "எனக்குப் பழக்கமில்ல."

பாலம்மா எழுந்து வந்தார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பாத்திரத்தைப் பார்த்தார். வாசலில் நிற்கிற மகனைப் பார்த்தார். அவன் பார்வையை எடுக்கவில்லை. கடைகளுக்கு இடியப்பம் போக வேண்டிய நேரம் போய்க்கொண்டிருந்தது.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றார் லோஜினியிடம். "அந்த டின்லருந்து இன்னும் ரெண்டு சுண்டு மாவு அள்ளிப் போடு. சிந்துஜா, காம்ப விடாத. கிண்டு. சரியா வந்துரும்."

லோஜினி அளவுச் சுண்டால் மாவை அள்ளிப் போட்டாள். சிந்துஜா கிண்டினாள். கொஞ்ச நேரத்தில் மாவு இறுகி, பாத்திரத்தை விட்டு ஒட்டாமல் உருண்டு வந்தது. சிந்துஜா அதைத் தொட்டுப் பார்த்தாள். கையில் ஒட்டவில்லை. நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா மாமி?" என்று கேட்டாள்.

பாலம்மா உரலை எடுத்து மருமகளின் கையில் கொடுத்துவிட்டு, குழாயடியில் போய் உட்கார்ந்து தட்டுக் கழுவ ஆரம்பித்தார்.